ஓடுகிற வண்டிக்குப் போன் போடாதீர்கள்

கேள்வி: பார்சல் டெலிவரி நிறுவனம் ஒன்றின் ஹப்பில் டீம் லீடராக இருக்கிறேன். நானும் சில வருடம் பார்சல் பையை முதுகில் மாட்டிக்கொண்டு ஓடிவிட்டுத்தான் இந்த நாற்காலிக்கு வந்தேன். என் கீழே இருபது பேருக்கு மேல் இருக்கிறார்கள். யார் எங்கே நிற்கிறார், எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்பது என் திரையில் தெரியும். ஐந்து நிமிடத்துக்கு மேல் ஒரே இடத்தில் நின்றால் சிவப்பு விழும், உடனே போன் செய்து காரணம் கேட்க வேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு. தினமும் இரவு ரேங்க் பட்டியலை வாட்ஸ்அப் குரூப்பில் போடுகிறேன். முதல் மாதம் எண்கள் நன்றாக ஏறின. இப்போது புகார்கள் ஏறுகின்றன, ஆட்கள் வேலையில் நீடிப்பதில்லை. போன வாரம் நல்ல பையன் ஒருவர், "அண்ணே, உங்க நம்பர் வந்தாலே கை நடுங்குது" என்று சொல்லிவிட்டு வேலையை விட்டுப் போய்விட்டார். கெடுபிடி இல்லாமல் இந்த வேலை நடக்காது என்கிறார் என் மேனேஜர். நான் அளவுக்கு மீறிப் போகிறேனா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: ஆமாம் தம்பி, அளவுக்கு மீறித்தான் போகிறீர்கள். மேலே இருப்பவர்கள் சொன்னதைத்தான் செய்கிறீர்கள், உங்கள் சம்பளமும் அதே எண்களை நம்பித்தான் இருக்கிறது, எல்லாம் புரிகிறது. ஆனாலும் போனை எடுத்து நம்பரை அழுத்துவது நீங்கள்தான். அந்தப் பையன் போகிற போக்கில் சொன்னதைக் கோபத்தில் சொன்னதாக எடுத்துக்கொள்ளாதீர்கள், வேலையை விட்டுப் போகிறவருக்குப் பொய் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை.

அந்த ஐந்து நிமிடத்தை முதலில் பார்ப்போம். அது எங்கே போகிறது என்று உங்களுக்குத் தெரியாததா? அடுக்குமாடிக் கட்டடத்து வாசலில் வண்டியை நிறுத்த விடமாட்டார்கள், தள்ளிக்கொண்டுபோய் எங்கேயோ நிறுத்த வேண்டும். காவலாளி நோட்டை நீட்டுவார், அதில் பெயர், வீட்டு எண், நேரம், கையெழுத்து. இந்த லிஃப்டில் ஏறக்கூடாது, பின்பக்க லிஃப்டில் போ என்பார், அது எந்த மாடியிலோ நின்றுகொண்டிருக்கும். மேலே போய் மணியடித்தால் உள்ளே இருப்பவர் குளித்துக்கொண்டிருப்பார். கதவு திறந்து ஓடிபி கேட்டால் அது அவருடைய மகளின் போனுக்குப் போயிருக்கும், மகள் ஆபீஸ் மீட்டிங்கில் இருப்பாள். இவ்வளவையும் பொறுமையாகக் கடந்து, முகம் சுளிக்காமல், சரியான ஆளின் கையில் பார்சலைக் கொடுத்துவிட்டு ஒருவர் இறங்கி வருகிறார் என்றால், அன்றைக்கு அவர் மிக ஒழுங்காக வேலை பார்த்த நேரமே அதுதான். உங்கள் திரையில் அதற்குப் பெயர் சிவப்பு.

சரியாக அந்த நேரத்தில் நீங்கள் போன் செய்கிறீர்கள். "ஏன் நிக்கிறே?" அதற்குப் பதில் சொல்வதிலேயே இன்னும் ஒரு நிமிடம் போகும். போன நேரத்தை மாடிப்படியில் ஈடுகட்ட முடியாது, கஸ்டமரிடம் ஈடுகட்ட முடியாது, மிச்சம் இருப்பது சாலை மட்டும்தான். மஞ்சள் விளக்கு விழுந்ததும் வேகத்தைக் கூட்டுவது, ஒருவழிப் பாதையில் எதிரே நுழைவது, ஹெல்மெட்டுக்குள் போனைச் செருகிக்கொண்டு உங்களுக்குப் பதில் சொல்லியபடியே ஓட்டுவது எல்லாம் அங்கேதான் நடக்கிறது. அமெரிக்காவில் டாமினோஸ் நிறுவனம் முப்பது நிமிடத்தில் பீட்சா வந்துவிடும் என்று வாக்குறுதி கொடுத்து வளர்ந்தது. 1989-ல் அதன் டெலிவரி ஓட்டுநர் ஒருவர் சிவப்பு விளக்கைத் தாண்டிப் போய் ஒரு பெண்ணின் வண்டியில் மோதினார். செயின்ட் லூயிஸ் நகரத்து ஜூரி 1993 டிசம்பரில் அந்தப் பெண்ணுக்கு 7.8 கோடி டாலருக்கும் மேல் கொடுக்கச் சொன்னது, அதே மாதம் நிறுவனம் அந்த வாக்குறுதியைக் கைவிட்டது. நேரத்தைச் சுருக்கச் சுருக்க விபத்து பக்கத்தில் வரும் என்பது உலகத்துக்கு அப்போதே தெரியும். உங்கள் மேனேஜருக்கும் அது தெரியாமல் இருக்காது.

அப்புறம், முதல் மாதம் எண்கள் ஏறின என்கிறீர்களே, அது எப்படி ஏறியது என்று உட்கார்ந்து பார்த்தீர்களா? மனிதன் திடீரென்று வேகமாகிவிடுவதில்லை. ஸ்கோர் அடி வாங்கக் கூடாது என்றால் அதற்குச் சுலபமான வழிகள் இருக்கின்றன. தெருமுனையிலேயே "கொடுத்தாயிற்று" என்று அழுத்திவிட்டு அப்புறம் மெதுவாகப் போய்க் கொடுப்பது, போகாமலேயே "வீட்டில் ஆள் இல்லை" என்று போட்டுவிடுவது, கஸ்டமரிடம் "சார், அஞ்சு ஸ்டார் போடுங்க, இல்லன்னா எனக்குப் பிரச்சினை" என்று கெஞ்சி வாங்குவது, தூரத்து ஏரியா வந்தால் இன்னொருவர் தலையில் கட்டுவது. பிரிட்டிஷ் பொருளாதார அறிஞர் சார்ல்ஸ் குட்ஹார்ட் 1975-ல் பணக் கொள்கையைப் பற்றிப் பேசும்போது, ஓர் அளவீட்டைப் பிடித்து ஆட்களைக் கட்டுப்படுத்த ஆரம்பித்தால் அந்த அளவீடு நம்பக்கூடியதாக இருக்காது என்ற பொருளில் ஒன்றைச் சொன்னார். வங்கிகளுக்காகச் சொன்னது உங்கள் ஹப்புக்கும் அப்படியே பொருந்துகிறது. எண்ணும் புகாரும் சேர்ந்து ஏறுகின்றன என்றால் எண் பொய் சொல்ல ஆரம்பித்துவிட்டது என்றுதான் அர்த்தம். இதில் எனக்கு மிகவும் வருத்தம் தருவது எது என்றால், இப்படி ஏமாற்ற மனசு வராதவர்தான் உங்கள் பட்டியலில் கடைசியில் நிற்கிறார். போன வாரம் விட்டுப் போனவரும் அப்படிப்பட்டவராகத்தான் இருந்திருப்பார் என்று உங்கள் கடிதத்தைப் படிக்கும்போது எனக்குத் தோன்றுகிறது.

கை நடுங்குவதற்கு வருகிறேன். வேலை அதிகமாக இருப்பது மட்டும் ஆளை உடைப்பதில்லை. வேலையும் அதிகம், அதை எப்படிச் செய்வது என்று தீர்மானிக்கும் உரிமையும் இல்லை என்னும்போதுதான் மனசு நொறுங்குகிறது. இதை ராபர்ட் காரசெக் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1979-லேயே எழுதினார். அதற்குப் பிறகு லண்டனில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட அரசு ஊழியர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த வைட்ஹால் ஆய்வில், தன் வேலையில் தனக்குப் பிடிமானம் இல்லாதவர்களுக்கு இதய நோய் அதிகம் வருகிறது என்று தெரிந்தது. அவர்கள் மேஜையில் உட்கார்ந்து வேலை பார்த்தவர்கள். உங்கள் ஆட்களோ வெயிலிலும் மழையிலும் ஓடுகிறார்கள், எந்தத் தெருவை முதலில் முடிப்பது என்பதைக்கூட ஆப்தான் சொல்கிறது, எப்போது தண்ணீர் குடிப்பது என்பதைச் சிவப்புக் கோடு சொல்கிறது. நின்றால் போன் வரும் என்று தெரிந்தவர் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வார், குடித்தால் ஒதுங்க வேண்டி வருமே என்ற பயம். டெலிவரி ஓட்டுநர்கள் பாட்டிலில் சிறுநீர் கழிக்க வேண்டியிருக்கிறது என்ற செய்தியை அமேசான் 2021 மார்ச்சில் நம்பாதீர்கள் என்ற தொனியில் மறுத்தது, ஏப்ரலில் அது தவறான பதில் என்று ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. அவ்வளவு பெரிய நிறுவனமே ஒப்புக்கொண்ட விஷயம் இது. உங்கள் ஆட்கள் எங்கே போகிறார்கள் என்று என்றைக்காவது கேட்டிருக்கிறீர்களா?

எதையுமே அளக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. பணம் கைமாறுகிறது, பார்சல் தொலைகிறது, மருந்துக்காகக் காத்திருப்பவரும் இருக்கிறார், கணக்கு வேண்டும்தான். ஆனால் நிமிடத்துக்கு நிமிடம் ஆளைத் துரத்துவதற்கும், வாரக் கடைசியில் உட்கார்ந்து எந்த ஏரியாவில் நேரம் இழுக்கிறது என்று பார்ப்பதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. ஒரே கட்டடத்தில் மூன்று பேருக்குச் சிவப்பு விழுந்தால் பிரச்சினை அந்தக் கட்டடத்து வாசலில் இருக்கிறது, அந்த மூன்று பேரிடம் இல்லை. அங்கே பேச வேண்டியது நீங்கள், கட்டட நிர்வாகத்திடம்.

நாளைக்கே செய்யக்கூடியது, வண்டி ஓட்டிக்கொண்டிருப்பவருக்குப் போன் செய்வதில்லை என்று முடிவு எடுங்கள். அவசரம் என்றால் ஒரு மெசேஜ் போடுங்கள், நின்ற பிறகு அவரே கூப்பிடட்டும். சிவப்பு விழுந்தால் பத்து நிமிடம் பொறுத்துப் பாருங்கள், பெரும்பாலும் தானாகவே போய்விடும், போகவில்லை என்றால் முதல் கேள்வி "ஏன் நிக்கிறே" என்று இருக்கக் கூடாது, "ஒண்ணும் ஆகலையே?" என்று இருக்க வேண்டும், ஏனென்றால் உண்மையிலேயே விழுந்து கிடக்கிறவரும் உங்கள் திரையில் நின்றுகொண்டிருப்பவராகத்தான் தெரிவார். ரேங்க் பட்டியலைக் குரூப்பில் போடுவதை இன்று இரவே விட்டுவிடுங்கள். கடைசியில் இருப்பவரின் பெயரைச் சக ஊழியர்கள் எல்லோரும் பார்க்கும்படி போட்டு யாரும் எதையும் கற்றுக்கொண்டதில்லை, அவருடைய ஸ்கோரை அவருக்கு மட்டும் தனியாகச் சொன்னால் போதும்.

மேனேஜர் ஒப்புக்கொள்வாரா என்று கேட்பீர்கள். வெறும் கையோடு போய் நியாயம் பேசினால் ஒப்புக்கொள்ள மாட்டார். ஒரு நோட்டு போடுங்கள். இரண்டு வாரம், விழுகிற ஒவ்வொரு சிவப்புக்கும் காரணத்தை ஊழியரிடம் ஷிஃப்ட் முடிந்த பிறகு கேட்டு எழுதுங்கள்: லிஃப்ட், ஓடிபி, தப்பான லொகேஷன், பஞ்சர், சாப்பாடு, கழிப்பறை. சோம்பலால் நின்றது எத்தனை என்றும் மறைக்காமல் எழுதுங்கள். அதோடு, இந்தக் கெடுபிடி ஆரம்பித்த பிறகு எத்தனை பேர் போனார்கள், புதிதாக வந்தவர் ஏரியாவைப் பழகும் வரை எத்தனை பார்சல் திரும்பி வந்தது என்பதையும் சேர்த்துக் காட்டுங்கள். மேலிடத்துக்குப் புரிகிற மொழி எண்தான் என்றால் இந்த எண்ணையும் அவர்கள் பார்க்கட்டும். ஆட்களையும் கூட அழைத்துப் போங்கள், நீங்கள் ஒருவராகப் பேசினால் உங்களுக்கு நிர்வாகம் செய்யத் தெரியவில்லை என்று முடித்துவிடுவார்கள்.

கடைசியாக ஒன்று, நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். ஸ்கோர் விழுந்ததும் ஆப் தானாக ஐடியை பிளாக் செய்கிற முறை உங்கள் ஹப்பில் இருந்தால் அதை விடாமல் எதிர்த்துப் பேசுங்கள். ஆப் மூலம் வேலை செய்கிறவர்களுக்காக ஐரோப்பிய ஒன்றியம் 2024-ல் கொண்டுவந்த சட்டத்தில், ஒருவருடைய கணக்கை முடக்கும் முடிவை மனிதர்தான் எடுக்க வேண்டும், காரணத்தை எழுத்தில் தர வேண்டும், அந்த முடிவை மறுபரிசீலனை செய்யச் சொல்லி ஊழியர் கேட்கலாம் என்று இருக்கிறது. ஒருவருடைய மனநிலையைக் கண்காணித்துத் தகவல் சேர்ப்பதும் அங்கே கூடாது. உங்கள் ஹப்பில் இதைச் செய்யச் சட்டம் வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. பிளாக் செய்வதற்கு முன் ஊழியரைக் கூப்பிட்டு உட்கார வைத்து அவர் தரப்பைக் கேட்பது என்று ஒரு வழக்கத்தை நீங்களே தொடங்கலாம். ஏற்கனவே யாருடைய ஐடியாவது முடங்கிக் கிடந்தால் அவரிலிருந்தே ஆரம்பியுங்கள், அவர் வீட்டில் இப்போது வருமானம் இல்லை.