தென்னாப்பிரிக்காவில், டர்பனில் இருக்கிறேன். உள்ளூர் ஒயினில் எதிலிருந்து தொடங்கலாம்? நம் குவாசுலு-நட்டால் மாகாணத்திலும் ஒயின் செய்கிறார்களாமே, நிஜமா?

நிஜம்தான். அதைப் பிறகு சொல்கிறேன், முதலில் எதை வாங்குவது என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஷெனின் பிளாங்க் என்கிற வெள்ளை ஒயினை வாங்குங்கள், அதிலும் லேசாக இனிப்பு நிற்கிற வகை.

காரணம் நம் சாப்பாடு. வந்த புதிதில் நண்பர் வீட்டு ஆட்டுக்கறிக் குழம்புக்கு கேபர்னே சாவிஞான் என்கிற விலை கூடின சிவப்பு ஒயின் ஒன்றை வாங்கிப் போனேன். டர்பன் மசாலாவின் காரம் உங்களுக்கே தெரியும். இரண்டு வாய் குழம்பு, ஒரு மடக்கு ஒயின், நாக்கெல்லாம் எரிச்சல், ஒயினும் வெறும் கசப்பாகத்தான் தெரிந்தது. வாழைப்பூவை மென்றால் வருமே ஒரு துவர்ப்பு, சிவப்பு ஒயினில் இருக்கும் அந்தத் துவர்ப்பும் ஆல்கஹாலும் மிளகாயின் காரத்தை ஏற்றிவிடும். இனிப்பும் குளிர்ச்சியும் அடக்கும். ஒயின் திராட்சையில் இந்த நாட்டில் அதிகம் பயிராவது ஷெனின்தான், ஸ்டீன் என்றும் சொல்வார்கள், அதனால் நல்ல பாட்டிலே கட்டுப்படியாகிற விலைக்குக் கிடைக்கும். நன்றாகக் குளிரவைத்து மீன் குழம்போடு குடித்துப் பாருங்கள்.

அடுத்தது பினோடாஜ் என்கிற சிவப்பு ஒயின். 1925இல் ஸ்டெலன்போஷில் ஆபிரகாம் பெரோல்ட் என்ற பேராசிரியர் பினோ நுவார், சின்சோ என்ற இரண்டு திராட்சை வகைகளைக் கலப்பினம் செய்து உருவாக்கிய திராட்சை, இந்த மண்ணிலேயே பிறந்தது. குழம்போடு வேண்டாம், பிராய் போடுகிற, அதாவது கறியைத் தணலில் சுடுகிற அன்றைக்கு எடுங்கள். வாங்கும்போது பாட்டில் கழுத்தில் எண் போட்ட சின்ன முத்திரைச் சீட்டு இருக்கிறதா என்று பாருங்கள். லேபிளில் போட்டிருக்கும் ஊர், திராட்சை, வருடம் மூன்றும் சரி என்பதற்கு அதுதான் அத்தாட்சி.

சரி, நம் மாகாணத்துக்கு வருவோம். நாட்டின் தென்மேற்கே இருக்கும் கேப் பகுதியில் 1659லேயே ஒயின் பிழிந்துவிட்டார்கள். அங்கே மழை குளிர்காலத்தில், திராட்சை பழுப்பதோ காய்ந்த கோடையில். நமக்குத் தலைகீழ், பழம் முற்றுகிற ஜனவரி பிப்ரவரியில்தான் மழை கொட்டும், பூஞ்சை பிடிக்கும், ஆலங்கட்டி வேறு. அப்படியும் 2000களில் சிலர் மாகாணத்தின் உள்மேட்டுப் பகுதியான மிட்லண்ட்ஸில் துணிந்து கொடி நட்டார்கள். அங்கே லயன்ஸ் ரிவரில் இருக்கும் அபிங்டன் ஒயின் தோட்டத்துக்குப் போயிருக்கிறேன். ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரம், இரவில் குளிர்வதால் பழத்தின் புளிப்பு இறங்குவதில்லை. மழை விட்ட ஒரு காலையில் கொடி வரிசைக்குள் நின்று பார்த்தேன், குலையைச் சுற்றியிருந்த இலைகளை மட்டும் கையால் கிள்ளியிருந்தார்கள், காற்று புகுந்து ஈரம் காயட்டும் என்று. ஒவ்வொரு குலைக்கும் இந்த வேலை! அதைப் பார்த்தபிறகு கேப் ஒயினைவிடக் கொஞ்சம் கூடுதல் விலை கொடுக்க எனக்கு மனம் வலிக்கவே இல்லை. அங்கே குடித்த வியோனியே என்கிற வெள்ளை ஒயினில் பழுத்த பீச் வாசனை, நம் இறால் கறிக்கு அவ்வளவு பொருத்தம். டிராகன்ஸ்பர்க் மலைப் பக்கம் கதீட்ரல் பீக் ஒயின் தோட்டமும் இருக்கிறது, அதையும் விடாதீர்கள்.

சின்ன இடங்கள், போன் செய்துவிட்டுப் போங்கள். வண்டி ஓட்டுகிறவர் அன்றைக்குக் குடிக்கவே கூடாது, மிட்லண்ட்ஸில் ஹோவிக் ஊர்ப் பக்கம் மூடுபனி இறங்கிவிட்டால் முன்னால் போகும் லாரியே கண்ணுக்குத் தெரியாது.