மண்டல ஆர்க்கிடெக்ட் மாநாட்டுக்குப் போவதால் சின்ன ஊர்க்காரருக்கு என்ன பிரயோஜனம்?

கேள்வி கேட்டவர் படிப்பு முடித்து மூன்று வருடம் ஆனவர், குடியாத்தத்தில் தனியாகத் தொழில் தொடங்கியிருக்கிறார். மண்டல மாநாட்டுக்குக் கட்டணம் கட்டி, இரண்டு நாள் சைட்டையும் விட்டுவிட்டுப் போவது வீணா என்று கேட்கிறார்.

போங்க. உள்ளே போனதும் கதவை ஒட்டிய நாற்காலியாகப் பார்த்து உட்காருங்க, டீ வரும்போது முதலில் வெளியே வரலாம்.

நான் வேலூர் சத்துவாச்சாரியில் 14 வருடமாக அலுவலகம் வைத்திருக்கிறேன். முதல் தடவை போனபோது முன்வரிசையில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகக் குறிப்பு எடுத்தேன். மேடையில் காட்டிய எந்த வீட்டிலும் துணி காயப்போடும் கொடி இல்லை, மாடியில் சின்டெக்ஸ் தொட்டி இல்லை. எல்லாமே சாயங்கால வெளிச்சத்தில், குடி போவதற்கு முன்னால் எடுத்த படங்கள். ஐந்து மழைக்காலம் பார்த்த வீட்டின் படத்தை ஒருவரும் போடவில்லை. எனக்கோ அப்போது காட்பாடியில் ஒரு வீடு ஒழுகிக்கொண்டிருந்தது.

ரிட்டயர்டு டீச்சரம்மா ஒருவருக்கு நான் கட்டிக்கொடுத்த வீடு அது. மேல்தளத்தில் செங்கல் ஜல்லி, சுண்ணாம்பு போட்டு அதன்மேல் தட்டோடு பதித்திருந்தோம். வாட்டம் சரியாகத்தான் இருந்தது, தண்ணீர் எங்கேயும் தேங்கவில்லை. இருந்தும் ஹாலின் மேற்கு மூலையில் ஈரம் படரும். ஓட்டு இடுக்கையெல்லாம் மறுபடி பூசினேன். அப்புறம் என் கைக்காசில் கெமிக்கல் அடித்தேன், இரண்டு தடவை. அடுத்த மழைக்கு அதே மூலை, அதே கறை. "பரவாயில்ல தம்பி, பக்கெட் வச்சிருக்கேன்" என்பார் டீச்சரம்மா. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மாநாட்டில் டீக்கு நின்றபோது பக்கத்தில் இருந்த ஒரு பெரியவரிடம் இதைச் சொன்னேன். திருவண்ணாமலைப் பக்கம் வேலை செய்பவர், என்னைவிட இருபது வயது மூத்தவர். மாடியைச் சுற்றி நிற்கும் கைப்பிடிச் சுவரை, அதாவது பாராபெட்டைப் பற்றி அவர் கேட்டது ஒரே கேள்வி: "பாராபெட் அடியில என்ன சார் பண்ணீங்க?" ஒன்றும் பண்ணவில்லை. ஓடு வந்து சுவரில் முட்டி நின்றது, நடுவில் சிமெண்ட் கோடு ஒன்று இழுத்துவிட்டோம், அவ்வளவுதான். நிகழ்ச்சி நிரல் தாளைத் திருப்பி அவர் படம் போட்டார். நம் ஊர் வெயிலில் பகலெல்லாம் தளம் நீள்கிறது, ராத்திரி சுருங்குகிறது. மேலே நிற்கும் செங்கல் சுவர் அதே அளவுக்கு அசையாது. இரண்டும் சேரும் இடத்தில் தலைமுடி அளவு விரிசல் விழும். தண்ணீருக்கு அது போதும். விரிசல் வழியாக இறங்கி, தளத்துக்குள்ளேயே ஓடி, எங்கேயோ ஒரு மூலையில் எட்டிப்பார்க்கும். அதனால் சுவரில் அரையடி உயரத்தில் நீளவாக்கில் ஒரு பள்ளம், அதாவது காடி வெட்ட வேண்டும். தளப்பூச்சை மூலையில் மடக்காமல் வளைவாக ஏற்றி, அந்தக் காடிக்குள் கொண்டுபோய் முடிக்க வேண்டும். "அந்தக் காலத்துல மெட்ராஸ் டெரஸ் போட்ட கொத்தனாருங்க இத யாரும் சொல்லாமலே செஞ்சாங்க" என்றார். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்து, மரக்கட்டையால் நாள் கணக்கில் தட்டுவார்களே, அந்தத் தளம். கட்டை திரும்பத் துள்ளும்வரை தட்ட வேண்டுமாம். அந்தத் தாள் இன்னும் என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது.

இரண்டாம் நாள் வேலூர்க் கோட்டைக்குக் கூட்டிப்போனார்கள். "தண்ணி இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில்" என்று நம் ஊரைக் கிண்டல் செய்வார்களே, அதில் கடைசிப் பேச்சு 1981-லேயே பொய்யாகிவிட்டது. கோட்டைக் கோயிலுக்கு ஜலகண்டேஸ்வரர் திரும்ப வந்துவிட்டார். பாலாறுதான் அப்படியே கிடக்கிறது. மற்றவர்கள் கல்யாண மண்டபத் தூண்களைப் போட்டோ எடுத்துக்கொண்டிருக்க, நான் அகழிக் கரையில் ஒருவரிடம் என் இன்னொரு தலைவலியைச் சொன்னேன். கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு பழைய வீடு, மாடி எடுக்கக் கேட்டிருந்தார்கள். தொல்லியல் சின்னங்கள் சட்டத்தில் 2010-ல் வந்த திருத்தப்படி பாதுகாக்கப்பட்ட சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானமே கூடாது, அதற்கு அப்பால் இன்னும் 200 மீட்டர் வரை தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். நான் கோட்டை மதிலிலிருந்து டேப் பிடித்திருந்தேன். "மதில்ல இருந்து இல்ல சார், பாதுகாக்கப்பட்ட எல்லையில இருந்து அளக்கணும். முதல்ல அந்த வரைபடத்தை வாங்குங்க" என்றார். வரைபடம் வாங்கும் முன்பே ஃபைலைக் கொடுத்துவிட்டு ஆறு மாதம் அலையாமல் தப்பித்தேன்.

மேடையில் ஒன்றுமே இல்லை என்று சொல்லமாட்டேன். 2019-ல் மாநிலம் முழுக்க ஒரே கட்டட விதிகள் வந்தபோது, பக்கவாட்டு இடைவெளிக் கணக்கை ஒருவர் போர்டில் போட்டுக் காட்டியது உபயோகமாக இருந்தது. ஆனால் எல்லா மாநாட்டிலும் ஒரு புலம்பல் அமர்வு உண்டு. 1972-ஆம் ஆண்டு ஆர்க்கிடெக்ட் சட்டம் 'ஆர்க்கிடெக்ட்' என்ற பட்டத்துக்குத்தான் காவல், பதிவு செய்யாதவர் வீடு வடிவமைப்பதை அது தடுக்கவில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் சொல்லிவிட்டது. அதை அரை நாள் பேசி என்ன ஆகப்போகிறது? நம் பக்கம் பாதிப் பேருக்கு நாம் 'பிளான் போடுறவர்' தான். சுயசான்று முறையில் 2,500 சதுர அடி வரையிலான மனைக்கு ஆன்லைனிலேயே உடனே அனுமதி வருகிற காலம் இது. "அப்புறம் உங்களுக்கு எதுக்கு சார் ஃபீஸு?" என்று வீட்டுக்காரர் கேட்பார். அதற்கு என்னிடம் இருக்கும் பதில் அந்தப் பாராபெட் மூலைதான். புலம்பல் அமர்வில் எழுந்துவிடுங்க. பிரியாணியோடு கத்தரிக்காய் இருக்கும்போதே சாப்பிட்டுவிடலாம்.

போகும்போது ஒழுகுகிற வீட்டின் போட்டோ நாலைந்து போனில் வைத்துக்கொள்ளுங்க. நல்லா வந்த வீட்டைக் காட்டினால் "சூப்பர் சார்" என்று நகர்ந்துவிடுவார்கள், விரிசலைக் காட்டினால் நாலு பேர் சுற்றி நின்றுவிடுவார்கள்.

டீச்சரம்மா வீட்டில் காடி வெட்டி, பூச்சை வளைத்து ஏற்றி, சித்திரையில் வேலையை முடித்தோம். ஐப்பசியில் இரண்டு நாள் அடைமழை. மூன்றாம் நாள் காலையில் அவரிடமிருந்து போன், பக்கென்றுதான் எடுத்தேன். "தம்பி, மாடியில துளசிக்கு ஒரு தொட்டி கட்டணும், கனம் தாங்குமா?" என்று கேட்டார். தாங்கும், ஆனால் சுவரை ஒட்டி மட்டும் வேண்டாம் என்றேன்.