பி.டி. பீரியட் அன்று வயிற்றுவலி

மதிப்பிற்குரிய ஐயா,

என் மகனுக்குப் பத்து வயது. பள்ளி விட்டு வந்தால் சோபாவை விட்டு எழுந்திருக்க மாட்டான். பேட்மின்டன் கோச்சிங்கில் சேர்த்தோம், ஒரே மாதத்தில் நின்றுவிட்டான். அபார்ட்மெண்ட் பையன்கள் கிரிக்கெட்டுக்கு டீம் பிரித்தால் கடைசியில் மிஞ்சுவது இவன்தான். பி.டி. பீரியட் உள்ள நாளில் காலையிலேயே வயிறு வலிக்கிறது என்கிறான். அந்தப் பீரியடையும் பாதி நாள் கணக்கு மிஸ் எடுத்துக்கொள்கிறார். இவன் அப்பா “சோம்பேறி” என்று திட்டுகிறார். போனைப் பிடுங்கி வைத்தால் சரியாகுமா?

ஒரு தாய், தாம்பரம்

அன்புள்ள சகோதரிக்கு,

போனைப் பிடுங்கினால் போன் இல்லாமல் அதே சோபாவில் உட்கார்ந்திருப்பான். நீங்கள் கவனிக்க வேண்டியது அந்த வயிற்றுவலியை. பந்தைத் தவறவிட்டால் பத்துப் பேர் சிரிப்பார்கள் என்ற பயம் அவனுக்கு இருக்கிறது என்றே நினைக்கிறேன். தயவுசெய்து வீட்டில் இனி யாரும் அவனைச் சோம்பேறி என்று சொல்லாதீர்கள்.

முதலில் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். ரத்தசோகை இருந்தாலும், ஓடும்போது இளைப்பு வந்தாலும் பிள்ளைகள் ஒதுங்கி உட்கார்ந்துவிடுவார்கள். நூற்றில் ஐந்தாறு பிள்ளைகளுக்குக் கையும் கண்ணும் காலும் சேர்ந்து இயங்குவதிலேயே சிரமம் உண்டு. ஷூ லேஸ் கட்டவும் சட்டைப் பித்தான் போடவும் திணறுகிறானா என்று பாருங்கள். அப்படியானால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள், பயிற்சி கொடுப்பவர்கள் இருக்கிறார்கள்.

பந்து பிடிப்பதும் எறிவதும் தாண்டுவதும் வளர வளரத் தானாக வந்துவிடும் என்று நினைக்கிறோம். எழுத்துக் கூட்டிப் படிப்பதைப் போல அவையும் பழகித்தான் வரும். முன்பு தெருவில் பெரிய பிள்ளைகள் சின்னவர்களை ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொள்வார்கள். அவர்களுக்கு அவுட் கிடையாது. கேலியும் இல்லாமல் கூடவே ஓடி ஓடிப் பழகிவிடுவார்கள். உங்கள் மகனுக்குக் கிடைக்காமல் போனது அந்த இடம். கோச்சிங் வகுப்பு அதைத் தராது, அங்கே முதல் நாளே யார் கெட்டிக்காரன் என்று தெரிந்துவிடுகிறது.

அந்த இடத்தை அவன் அப்பா தரலாம். யாரும் பார்க்காத நேரத்தில் மொட்டை மாடிக்கு அழைத்துப் போகட்டும். பெரிய, மெத்தென்ற பந்தாக, இரண்டடி தூரத்திலிருந்து போடட்டும். கை பழகியபின் தூரத்தைக் கூட்டலாம், பந்தைச் சிறிதாக்கலாம். பிறகு அவனோடு ஒத்துப்போகிற ஒரே ஒரு நண்பனைக் கூப்பிடுங்கள், டீம் வேண்டாம். சைக்கிள், நீச்சல், ஸ்கிப்பிங் போன்றவற்றில் யாரிடமும் தோற்க வேண்டியதில்லை. அதில் எது வேண்டும் என்று அவனே சொல்லட்டும். எடையைப் பற்றிப் பேசவே வேண்டாம். தப்பு செய்ததற்குத் தோப்புக்கரணம், மைதானத்தைச் சுற்றி ஓட்டம் என்று தண்டனை கொடுத்தால் உடம்பை அசைப்பதே வெறுத்துப்போகும்.

5 முதல் 17 வயது வரை ஒரு நாளைக்குச் சராசரியாக 60 நிமிடமாவது ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மிரள வேண்டாம். அதை ஒரே மூச்சில் முடிக்க வேண்டியதில்லை. 2016ஆம் ஆண்டுக் கணக்குப்படி, உலகில் 11 முதல் 17 வயதுக்குட்பட்டவர்களில் 81 சதவீதம் பேர் அந்த அளவை எட்டவில்லை. பெண் பிள்ளைகளில் அது 85 சதவீதம். இதை ஒரு பையனின் குணக்கேடு என்று எப்படிச் சொல்வது?

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் பி.டி. பீரியடைத் திருப்பிக் கேளுங்கள். தனியாகப் போனால் “படிப்பு முக்கியம் இல்லையா” என்று வாயடைத்துவிடுவார்கள். நாலைந்து பெற்றோராகச் சேர்ந்து, எழுத்தில் கொடுங்கள். டீம் பிரிக்கும் வேலையைப் பையன்களிடம் விடாமல் பி.டி. சாரே செய்யவேண்டும் என்பதையும் அதில் சேர்த்து எழுதுங்கள்.