தோல் உரிஞ்சு தொங்குற மரத்துக்கு சீக்கா?

வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: மகன் சிங்கப்பூர்ல வேலை பாக்குறான். போன மாசம் அவன்கூட இருந்துட்டு வந்தேன். கம்போங் கிளாம் பக்கம் ஒரு மரம் பாத்தேன், அடி மரம் பூரா வெளிறிப்போயி, பழைய நோட்டு புத்தகம் நனைஞ்சு காஞ்சாப்ல தோல் தோலா உரிஞ்சு தொங்குது. பாக்கவே பாவமா இருந்துச்சு. அதுக்கு என்ன சீக்கு? - வாசகி, கும்பகோணம்

பதில்: சீக்கெல்லாம் ஒண்ணும் இல்லம்மா, அந்த மரத்தோட சுபாவமே அதுதான். அது பேரு கெலாம். நீங்க நின்ன அந்த ஏரியாவுக்கு கம்போங் கிளாம்னு பேர் வந்ததே இந்த மரத்தாலதான், கெலாம் மரம் நிறைய நின்ன கிராமம்னு அர்த்தம். அந்தக் காலத்துல அங்க இருந்த கடலோடி மக்கள் இந்தப் பட்டைய உரிச்சு படகுல பலகைக்கும் பலகைக்கும் நடுவுல தண்ணி கசியாம அடைப்பாங்க. இது தண்ணியில ஊறி உப்பி இறுக்கமா உக்காந்துக்கும்.

நான் சில வருஷம் முன்னாடி மலேசியாவுல திரங்கானு கடற்கரை பக்கம் போயிருந்தப்ப ஒரு கெலாம் காட்டு ஓரமா நின்னு தொட்டுப் பாத்தேன். கைய வச்சு அமுக்குனா மெத்தை மாதிரி உள்ள போயி திரும்ப வருது. தானா உரிஞ்சு தொங்குன ஒரு துண்ட எடுத்து நகத்தால பிரிச்சேன், வெங்காய சருகு மாதிரி மெல்லிசா ஒண்ணு, அதுக்கு கீழ இன்னொண்ணு, அதுக்கும் கீழ இன்னொண்ணுன்னு பிரிஞ்சுக்கிட்டே வருது, ஒரு ஏடு வெள்ளையா, அடுத்தது லேசா ரோஸ் கலரா. மரத்தச் சுத்தி நின்ன தண்ணி பால் விடாத டீ கலர்ல இருந்துச்சு, ஆனா கையில அள்ளிப் பாத்தா சுத்தமா தெளிவா இருக்கு, எல எல்லாம் விழுந்து ஊறுன சாயம் அது.

ஏன் இப்படி ஒரு தோல்னா, இது நிக்குற இடம் அப்படி. மழைக்காலத்துல இடுப்பளவு தண்ணி, வெயில் காலத்துல காஞ்சு தீப்புடிக்குற சதுப்பு. எலயில வேற எண்ணெய், பத்திக்கிச்சுன்னா சடசடன்னு எரியும். அப்போ இந்த ஏடு ஏடா இருக்குற தோல்ல மேல இருக்குறது கருகும், உள்ள இருக்குற உயிர் தப்பிச்சுக்கும், அப்புறம் அடிமரத்துலயே துளிர் விடும். அதனால தயவுசெஞ்சு மகன்கிட்ட சொல்லுங்க, வேடிக்கைக்கு கூட அத உரிக்க வேணாம், அது மரத்தோட போர்வை.

ஆஸ்திரேலியாவோட வடக்குல இதே குடும்பத்து மரங்க நிறைய இருக்கு, அந்தக் காலத்துல அங்க உள்ள பூர்வகுடி மக்களுக்கு இந்தப் பட்டை இல்லாம ஒரு நாளும் ஓடாது. மீன பட்டையில சுத்தி மண்ணுக்குள்ள குழி அடுப்புல வச்சு வேக வைப்பாங்க, நாம வாழை இலையில சுத்துற மாதிரி. குடிசைக்கு கூரை அதுதான், பொறந்த குழந்தைய படுக்க வைக்கிறதும் அதுலதான், செத்தவங்கள சுத்தி அனுப்புறதும் அதுலதான்.

கேள்வி: இந்தோனேசியா போயிட்டு வந்த தோழி ஒரு பச்சை பாட்டில் தைலம் குடுத்தா. மோந்து பாத்தா நம்ம நீலகிரி தைலம் மாதிரியே இருக்கு. ரெண்டும் ஒண்ணா? ஆறு மாச பேரனுக்கு நெஞ்சுல தடவலாமா? - வாசகி, திண்டுக்கல்

பதில்: ஒண்ணு இல்ல, ஆனா சொந்தக்காரங்க. அது மின்யாக் காயு பூத்தே. மின்யாக்னா எண்ணெய், காயுன்னா மரம், பூத்தேன்னா வெள்ளை. முந்தின கேள்வியில சொன்ன அதே மரத்தோட எண்ணெய்தான். இந்த மலாய் வார்த்தைதான் வெள்ளைக்காரன் வாயில காஜபுட் ஆச்சு, நம்ம தமிழ் மூலிகை பட்டியல்ல கையாப்புடைன்னு வருதே அதுவும் இதுவேதான். வாசனை ஏன் ஒரே மாதிரி இருக்குன்னா ரெண்டுலயும் முக்கியமான சரக்கு சினியோல். நீலகிரி தைல மரம், இந்த மரம், கொய்யா, நாவல், கிராம்பு எல்லாமே ஒரே குடும்பம், ஒரு கொய்யா இலைய கசக்கி மோந்து பாருங்க, அந்த உறவு புரியும்.

இந்தோனேசியாவோட மலுக்கு தீவுக்கூட்டத்துல புரூன்னு ஒரு தீவு, இந்த எண்ணெய்க்கு பேர் போன இடம். எலய கொத்து கொத்தா ஒடிச்சு பெரிய அண்டாவுல அடைச்சு, கீழ தண்ணி விட்டு விறகு வச்சு காய்ச்சி, ஆவிய குழாய் வழியா குளிர வச்சு எண்ணெய தனியா பிரிச்சு எடுக்குறாங்க. 100 கிலோ எல போட்டா ஒரு கிலோ கிடைக்கிறதே பெரிசு. அதனால அந்த குட்டி பாட்டில அலட்சியமா நினைக்காதீங்க, அதுக்குப் பின்னாடி புகையில நின்ன மனுஷங்க இருக்காங்க.

இந்தோனேசிய அம்மாமார் குழந்தைய குளிப்பாட்டுனதும் மின்யாக் தெலோன்னு ஒண்ணு தேய்ப்பாங்க, இந்த எண்ணெய், சோம்பு வகை எண்ணெய், தேங்கா எண்ணெய்னு மூணு கலந்தது. தோழி குடுத்தது அப்படி கலந்தது இல்ல, தனி தைலம். ஆறு மாச குழந்தைக்கு மூஞ்சி, மூக்கு, நெஞ்சு பக்கம் வேண்டவே வேணாம், சினியோல் நெடி பச்சப்புள்ளைங்களுக்கு மூச்ச பிடிச்சு நிறுத்திடலாம். சளி இருந்தா டாக்டர்கிட்ட காட்டுங்க. உங்க முழங்காலுக்கு தேங்கா எண்ணெயில கொஞ்சம் கலந்து தேய்ச்சுக்கோங்க, தாராளமா. யாரும் உள்ளுக்கு குடிச்சிட வேணாம், பாட்டில பிள்ளைங்க கைக்கு எட்டாம வைங்க.

கேள்வி: எங்க நிலம் ஏரிக்கு கீழ இருக்கு, தண்ணி நிக்கும், வேற எதுவும் வர மாட்டேங்குது. இந்த கெலாம் மரத்த வச்சா மரமும் ஆச்சு எண்ணெயும் ஆச்சுன்னு ஒருத்தர் சொல்றாரு. வைக்கலாமா? - வாசகர், செங்கல்பட்டு

பதில்: ஆசை நியாயம்தான் அண்ணே, ஏன்னா வியட்நாம்ல இந்த மரத்த நம்பி ஊர் ஊரா பொழைக்குது. மெக்கோங் டெல்டாவுல உ மின் காடுன்னு இருக்கு, அமெரிக்கா கூட நடந்த சண்டையில குண்டும் மருந்தும் கொட்டி நாசமான காடு, அப்புறம் மக்கள் திரும்ப நட்டு வளர்த்தாங்க. அங்க மண்ணு புளிச்ச மண்ணு, அமிலம், வேற பயிர் திணறும், இது நிக்கும். அங்க வீடு கட்டுறப்ப நம்ம சவுக்கு கட்டை மாதிரி இந்த கட்டைய சேத்துக்குள்ள அடிச்சு எறக்கி அதுமேல அஸ்திவாரம் போடுவாங்க, தண்ணிக்குள்ளயே கிடக்குற வரைக்கும் லேசுல உளுக்காது.

எனக்கு ரொம்ப புடிச்சது அவங்க தேன் எடுக்குற விதம். நம்ம மலைத்தேனீ இருக்கே, பெட்டியில எல்லாம் அடங்காது, அதே ஈக்கு இந்தக் காட்டுல ஒரு கட்டைய சரிவா வச்சுடுவாங்க, ஒரு முனை உசரம் ஒரு முனை தாழ்வு, தாங்குறதுக்கு ரெண்டு பக்கமும் முட்டுக் குச்சி. வெளிச்சம் எந்தப் பக்கம் விழுதுன்னு பாத்து வைக்கணும், அதுதான் கைப்பக்குவம். ஈ வந்து மரக்கிளைன்னு நினைச்சு அதுலயே கூடு கட்டிடும். அப்புறம் தேன் இருக்குற பகுதிய மட்டும் அறுத்துட்டு புழு இருக்குற பகுதிய விட்டுடுவாங்க, ஈ திரும்ப வந்து நிரப்பும்.

ஆனா இதெல்லாம் அது பொறந்து வளந்த மண்ணுல. இதோட கூடப்பொறந்த இன்னொரு வகைய அமெரிக்காவுல புளோரிடாவுக்கு 1900கள் ஆரம்பத்துல கொண்டு போனாங்க, சதுப்ப காய வைக்கலாம்னு 1930கள்ல விமானத்துல இருந்து விதையெல்லாம் தூவுனாங்க. ஒரு மரத்துல லட்சக்கணக்குல விதை, காயி மூடியே கிடக்கும், தீ பட்டாலோ மரத்த வெட்டுனாலோ மொத்தமா திறந்து கொட்டும். வெட்ட வெட்ட பெருகுச்சு. எவர்கிளேட்ஸ்னு அங்க இருக்குற பெரிய சதுப்புல, புல்லும் தண்ணியும் பறவையுமா இருந்த எடத்துல நெருக்கி நெருக்கி இதுவே நின்னுச்சு. கடைசில 1997ல ஆஸ்திரேலியாவுல இருந்து இத மட்டும் திங்குற ஒரு கூன்வண்ட கொண்டாந்து விட்டு, மருந்தும் அடிச்சு, ஆளும் போட்டுத்தான் அடக்குறாங்க, இன்னும் முடியல. நம்ம கதையே சீமைக்கருவேலத்துல பாத்தோமே, ஏரி ஏரியா போச்சே.

அதனால ஏரிக்கு கீழ வேணவே வேணாம்னு அடிச்சு சொல்றேன், விதை தண்ணியில போயி எங்க ஒதுங்கும்னு யாருக்குத் தெரியும். நீர்மருது வைங்க, வரப்பு ஓரமா புங்கன் வைங்க, ரெண்டும் தண்ணி நின்னா தாங்குற மரம், நம்ம மரம். கன்னு வனத்துறை நாற்றங்கால்ல கேட்டுப் பாருங்க, மழைக்கு முன்னாடியே போங்க.