படக்கதையும் பதின்வயதும்: மதுரை வாசகர்கள் கேட்டவை

(மதுரைப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் பல வருடம் நூலகம் பார்த்த டீச்சர் பதில் சொல்கிறார்.)

அண்ணா நகர்: பத்தாவது படிக்கும் மகன் காமிக்ஸ் மட்டும்தான் தொடுகிறான். கிராபிக் நாவல் என்பது வேறா டீச்சர்?

சிவகாசியிலிருந்து 1972இல் முத்து காமிக்ஸ் வரத் தொடங்கியது. அதைப் படித்து வளர்ந்தவள் நான். கிராபிக் நாவலும் அதே கட்டம், வசனம் எழுதும் அதே பலூன்தான். ஒரு முழுக் கதையைப் புத்தகமாகச் சொல்வார்கள். பையன் படிக்கட்டும், விடுங்கள்.

திருப்பரங்குன்றம்: பிள்ளைகள் மனசைப் படத்தில் எப்படிக் காட்ட முடியும்?

"என்னடா ஆச்சு?" என்று கேட்டால் "ஒண்ணுமில்ல" என்பார்கள். அந்த "ஒண்ணுமில்ல"வை விளக்க நாவலுக்கு ஒரு பத்தி வேண்டும். படத்தில் பலூனுக்குள் அந்தச் சொல், கீழே நகம் கடிக்கும் கை. அவ்வளவுதான். வசனமே இல்லாத ஒரு பக்கம் வந்தால் வேகமாகப் புரட்டாதீர்கள், விஷயம் அங்கேதான் இருக்கும்.

அமெரிக்கப் படக்கதைக்காரர் ரெய்னா டெல்கெமையர் 'ஸ்மைல்' (2010) புத்தகத்தில் தன் கதையையே வரைந்தார். ஆறாம் வகுப்பில் விழுந்து முன்பல் இரண்டு போச்சு. அப்புறம் வருடக்கணக்கில் கம்பி, சிகிச்சை, கேலி செய்யும் தோழிகள். மாலிக் சஜாத்தின் 'முன்னு' (2015) காஷ்மீர்ப் பையன் கதை. அதில் காஷ்மீரிகள் எல்லோரும் ஹங்குல் என்ற காஷ்மீர் மான்கள். வேட்டையாடப்படும் இனம் என்று யாரும் வாயால் சொல்லவேண்டியதில்லை.

வில்லாபுரம்: பிடிஎஃப் கிடைக்குமா?

கிடைக்காது.

உசிலம்பட்டி: பல்லுக்குக் கம்பி போடுவதெல்லாம் வசதியான வீட்டுக் கவலை டீச்சர். எங்க பிள்ளைக்கு பஸ், டியூஷன், நீட்.

அண்ணே, கதை பல்லைப் பற்றியதா? வாயைக் கையால் பொத்திச் சிரிக்கும் பிள்ளை உங்கள் ஊரில் இல்லையா? என் நூலகத்தில் அந்தப் புத்தகத்தை மூன்று முறை எடுத்துப்போன பெண்ணுக்குப் பல் நன்றாகத்தான் இருந்தது. முகத்தில் பரு.

செல்லூர்: உசிலம்பட்டி அண்ணன் சொல்வதுதான் சரி. அமெரிக்காக்காரி அழுதால் நாம் ஏன் அழணும்?

ஈரானில் 1980இல் பத்து வயதுப் பெண் பள்ளிக்கு முக்காடு போடவேண்டி வந்ததை மர்ஜான் சத்ரபி தன் கதையாகவே 'பெர்சபோலிஸ்' புத்தகத்தில் வரைந்தார். அதைத் தமிழில் படித்துவிட்டு நம் பிள்ளைகள் துப்பட்டாவைப் பற்றிப் பேசினார்கள். நான் கேட்கவே இல்லை.

உசிலம்பட்டி: அப்போ நம்ம ஊர்க் கதையை எவன் வரைவான்?

இது நியாயமான கேள்வி. இதில் உங்கள் பக்கம்தான் நான்.

கே.கே. நகர்: எட்டு வயது மகளுக்கு விருது வாங்கிய புத்தகம் ஒன்று சொல்லுங்கள்.

விருது முத்திரையை நம்பி வாங்காதீர்கள் என்று எத்தனை முறைதான் சொல்வது! 'திஸ் ஒன் சம்மர்' குழந்தைகள் படநூலுக்கான கால்டிகாட் கௌரவம் பெற்றது. உள்ளே கருச்சிதைவு, பதின்வயதுக் கர்ப்பம். நல்ல புத்தகம்தான், எட்டு வயதுக்கு இல்லை. முதலில் நீங்கள் படியுங்கள்.

ஆரப்பாளையம்: பிடிஎஃப்…

மேலே பாருங்கள்.

பேரையூர், ஒன்பதாம் வகுப்பு: டீச்சர், நானே வரையலாமா? கை விரல் சரியா வராது.

கையைப் பாக்கெட்டுக்குள் விட்டமாதிரி வரைந்துவிடு. கோடு போடாத நோட்டில் ஒரு பக்கத்துக்கு ஆறு கட்டம். இன்று காலை பஸ்ஸில் நடந்ததை மட்டும் வரை. வசனத்தைக் கடைசியில் எழுது, பாதியை அடி. முடித்ததும் எனக்குக் காட்டு, உசிலம்பட்டி அண்ணனுக்கும் காட்டுவோம்.