உச்ச ஓட்டம் கிடைத்துவிட்டது, குளத்தின் அளவு?

கேள்வி: 6 ஹெக்டேர் மனைப்பிரிவுக்கு மழைநீர் வடிகால் வடிவமைக்கிறேன். ஓடுநீர்க் கெழு (பெய்யும் மழையில் ஓடிவரும் பங்கு) 0.6. கடைக்கோடித் தண்ணீர் வெளிவாய்க்கு வந்துசேர 15 நிமிடம். அந்த 15 நிமிடத்துக்கான மழைச் செறிவு மணிக்கு 90 மி.மீ. ரேஷனல் சூத்திரத்தில் (கெழு × செறிவு × பரப்பு) உச்ச ஓட்டம் விநாடிக்கு 0.9 கனமீட்டர் வருகிறது. பக்கத்து ஓடையில் 0.2-க்கு மேல் விடக்கூடாது என்பதால் ஒரு தேக்கக் குளம் வேண்டும். அதற்கு ஹைட்ரோகிராஃப் (நேரம் போகப் போக ஓட்டம் மாறுவதைக் காட்டும் வரைபடம்) கேட்கிறார்கள். இதே முறையில் வரைய முடியுமா?

பதில்: முடியும். ஆனால் சூத்திரம் தருவது ஒரே ஒரு எண்தான். 1889-இல் அமெரிக்காவின் ரோசெஸ்டரில் எமில் குயிச்லிங் இதைக் கையாண்டது சாக்கடைக் குழாய்களின் அளவுக்காக. குழாய்க்கு உச்ச ஓட்டம் தெரிந்தால் போதும். வரைபடத்தின் வடிவம் பிற்பாடு நாம் சேர்த்துக்கொண்ட அனுமானம்.

உங்கள் 0.9 சரிதான் (0.6 × 90 × 6 ÷ 360; 360 என்பது அலகு மாற்றத்துக்கு). மழை தொடங்கியதும் வெளிவாய்க்குப் பக்கத்து நிலம் மட்டும் தண்ணீர் தரும். நேரம் போகப் போகத் தூரத்து நிலமும் சேரும். 15-வது நிமிடத்தில் மொத்த 6 ஹெக்டேரும் சேர்ந்து உச்சம் தொடும். அப்போதே மழை நின்றால் அடுத்த 15 நிமிடத்தில் வடிந்துவிடும். ஆக, 30 நிமிட அடித்தளமும் 0.9 உயரமும் கொண்ட ஒரு முக்கோணம். அதன் பரப்புதான் மொத்தத் தண்ணீர்: 810 கனமீட்டர். ஏற்றமும் இறக்கமும் நேர்கோடு என்பது வசதிக்காகத்தான். எந்த நிலமும் அப்படி நடந்துகொள்வதில்லை.

இந்த முக்கோணத்தை வைத்தே குளத்தை வெட்டிவிடாதீர்கள். பலரும் சறுக்குவது இங்கேதான். குழாயைத் திணறடிப்பது குறுகிய, கடுமையான மழை. குளத்தை நிரப்புவதோ கொஞ்சம் சாந்தமாக, நீண்ட நேரம் பெய்யும் மழை. மழை 15 நிமிடத்தைத் தாண்டினால் முக்கோணம் சரிவகமாகும்: 15 நிமிடம் ஏற்றம், மழை நிற்கும்வரை சமதளம், அப்புறம் 15 நிமிடம் இறக்கம். மழை நீள நீளச் செறிவு குறைவதால் உச்சமும் தாழும், ஆனால் வந்துசேரும் மொத்தத் தண்ணீர் கூடும்.

அதனால் பல கால அளவுகளுக்குப் போட்டுப் பாருங்கள். உச்ச ஓட்டத்தை மழை நேரத்தால் பெருக்கினால் உள்வரும் தண்ணீர். வெளியேறுவது பூஜ்யத்திலிருந்து மெல்ல 0.2 வரை ஏறும் என்று கொண்டு, மழை நேரத்தோடு 15 நிமிடம் கூட்டி, 0.2-ஆல் பெருக்கிப் பாதியாக்கிக் கழியுங்கள். நிமிடத்தை விநாடியாக்க மறக்க வேண்டாம். 15 நிமிட மழைக்குத் தேக்க வேண்டியது 630 கனமீட்டர். செறிவு 40 நிமிட மழைக்கு மணிக்கு 50 மி.மீ., ஒரு மணி நேர மழைக்கு 40, ஒன்றரை மணி நேர மழைக்கு 29 என்று வைத்துக்கொள்வோம் (உங்கள் ஊர் மழைச் செறிவு வளைகோட்டிலிருந்து சரியான எண்களை எடுத்துக்கொள்ளுங்கள்). தேக்கம் முறையே 870, 990, 936. ஒரு மணி நேர மழையில்தான் குளத்துக்கு அதிக வேலை, அதன் உச்சம் வெறும் 0.4 என்றாலும்! 630-க்கு வெட்டியிருந்தால் கரை தாண்டியிருக்கும்.

எனக்கு உறுத்துவது உங்கள் 0.6. மனைகள் காலியாகக் கிடக்கும் இன்றைய நிலைக்கா, வீடுகள் எழுந்த பிறகா? நம் ஊரில் வீடு கட்டிய கையோடு மதில் வரைக்கும் சிமென்ட் போட்டுவிடுகிறார்கள். கெழு 0.75 ஆனால் அதே ஒரு மணி நேர மழைக்குத் தேக்கம் 990-லிருந்து 1,350-க்குத் தாவும். கெழு கூடியது கால் பங்கு, குளம் பெருத்தது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். தரையை சிமென்ட் மூடினால் தண்ணீர் வந்துசேரும் நேரமும் 15 நிமிடத்துக்குக் கீழே போகும், அதையும் திருப்பிக் கணக்கிடுங்கள்.

6 ஹெக்டேருக்கு இந்த முறை தாங்கும். மேட்டுப் பக்கத்திலிருந்து வெளித்தண்ணீர் உள்ளே வந்தாலோ, நடுவில் பழைய குட்டையோ ஏரியோ இருந்தாலோ இதை நம்ப வேண்டாம். குட்டை நிரம்பி வழியும்வரை மேலிருந்து வரும் நீர் கீழே இறங்காது, முக்கோணம் அதை அறியாது. அப்போது ஸ்வம் (SWMM) போன்ற, மழைநீர் ஓட்டத்தைக் கணக்கிடும் இலவச மென்பொருளில் போட்டுப் பார்ப்பதுதான் சரி.