அமெரிக்கத் தென்மாநில அடுப்படி: கேள்விகளும் பதில்களும்

தென் கரோலினாவில் பதினெட்டு ஆண்டுகள் குடியிருந்தேன். அண்டை வீட்டுப் பெண்களின் அடுப்படியில் நின்றுதான் அங்குள்ள சமையலைக் கற்றுக்கொண்டேன். பொரித்த கோழியை எல்லோரும் அறிவார்கள். வெளியே அதிகம் தெரியாத வீட்டுச் சாப்பாட்டைப் பற்றிக் கேளுங்கள் என்று அழைத்திருந்தேன். வந்த கேள்விகளும் என் பதில்களும் இவை.

ஓசூர்: அக்கா, என்னிடம் ஓவன் இல்லை. குக்கரும் ஓர் இரும்புச் சட்டியும்தான் உண்டு. எதில் தொடங்கலாம்?

லிம்பின் சூசனில் தொடங்குங்கள். 'நொண்டி நடக்கும் சூசன்' என்று பொருள். தென் கரோலினா, ஜார்ஜியா கடலோரத்தில் காராமணிச் சோற்றை ஹாப்பின் ஜான் என்பார்கள்; சூசன் அந்த ஜானின் மனைவி என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. சூசனுக்கு வேண்டியவை வெண்டைக்காயும் அரிசியும்.

கால் கிலோ பிஞ்சு வெண்டைக்காயைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, அரை அங்குல வில்லைகளாக நறுக்குங்கள். அங்கே முதலில் பேக்கன் துண்டுகளை உருக்கி அந்தக் கொழுப்பில் வதக்குவார்கள். பன்றி இறைச்சி சாப்பிடாதவர்களுக்கு மூன்று மேசைக்கரண்டி எண்ணெய் போதும். ஒரு வெங்காயம் வதங்கியதும் வெண்டைக்காயைப் போட்டு, மூடாமல் கிளறிக்கொண்டே இருங்கள். முதலில் நூல் நூலாக இழுக்கும். பத்து நிமிடத்தில் நூல் அறுந்து, வில்லைகளின் ஓரம் பழுப்பேறும். அதுவரை அரிசியைச் சேர்க்கக் கூடாது. சேர்த்தால் சோறு முழுவதும் வழவழவென்று ஆகிவிடும். பிறகு கழுவி வடித்த ஒரு கப் பச்சரிசியைச் சேர்த்து இரண்டு நிமிடம் புரட்டி, ஒன்றேமுக்கால் கப் கோழிச் சாறு அல்லது வெந்நீர் ஊற்றி, உப்பும் மிளகுத்தூளும் போட்டு, மூடி, மிகச் சிறு தீயில் இருபது நிமிடம் வையுங்கள். அணைத்த பிறகு பத்து நிமிடம் திறக்காதீர்கள். தாளிப்பு வேண்டாம், மஞ்சள் வேண்டாம். ஒருமுறையாவது அவர்கள் சாப்பிடுவதுபோலவே சாப்பிட்டுப் பாருங்கள்.

மதுரை: கார்ன்பிரெட் (மக்காச்சோள ரொட்டி) செய்தேன். ரப்பர்போல வந்துவிட்டது. எங்கே தவறு?

நீங்கள் வாங்கிய பொட்டலத்தில் தவறு. நம் கடைகளில் 'கார்ன் ஃப்ளோர்' என்று விற்பது வெறும் மாவுச்சத்து. சூப்பைக் கெட்டியாக்கத்தான் அது உதவும். உங்களுக்கு வேண்டியது முழு மக்காச்சோளத்தை அரைத்த மாவு. மக்காச்சோள ரவையோ, வடநாட்டார் ரொட்டி தட்டும் மக்கி ஆட்டாவோ கேட்டு வாங்குங்கள். இரண்டையும் பாதிக்குப் பாதி கலந்தால் மிக நன்றாக வரும். இரண்டு விரலுக்கிடையே தேய்த்தால் மணல்போல நெருடவேண்டும். மாவுச்சத்து வழவழவென்று பவுடர்போல நழுவும். இன்னொன்று: 'வெள்ளைச் சோள மாவு' என்று கேட்டால் நம் ஊரில் வேறு தானியத்தைக் கொடுப்பார்கள். அது ஜோவர். அதுவும் ஆகாது.

அளவு: மக்காச்சோள மாவு இரண்டு கப், புளித்த கெட்டி மோர் ஒன்றரை கப், முட்டை ஒன்று, பேக்கிங் பவுடர் ஒரு தேக்கரண்டி, சமையல் சோடா அரைத் தேக்கரண்டி, உப்பு ஒரு தேக்கரண்டி. ஓவனை 220 டிகிரி செல்சியஸில் வைத்து, மூன்று மேசைக்கரண்டி எண்ணெயோடு இரும்புச் சட்டியையும் உள்ளேயே காயவிடுங்கள். எனக்குக் கற்றுத்தந்த பாட்டி, மாவில் ஒரு சொட்டை எடுத்துச் சட்டியில் விட்டுப் பார்ப்பார். 'சுர்' என்று கேட்காவிட்டால் சட்டியைத் திரும்ப உள்ளே வைத்துவிடுவார். பணியாரக் குழியைக் காயவைக்கத் தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. மாவை ஊற்றி உள்ளே வைத்தால் இருபது முதல் இருபத்தைந்து நிமிடத்தில் அடிப்பக்கம் மொறுமொறுவென்று வெந்துவிடும்.

ஓவன் இல்லாவிட்டால் கொதிநீர் ரொட்டி இருக்கிறது: இதே மாவில் உப்புப் போட்டு, கொதிக்கும் நீரை ஊற்றி, கொழுக்கட்டை மாவுபோலக் கிளறி, ஆறியதும் வடையாகத் தட்டி எண்ணெயில் இருபுறமும் பொரியுங்கள்.

சிங்கப்பூர்: பொரித்த கோழிக்கு எந்த மாவு நல்லது?

இன்று பொரித்த கோழி இல்லை.

டாலஸ்: அக்கா, கார்ன்பிரெட்டில் சர்க்கரையை விட்டுவிட்டீர்களே?

விடவில்லை தம்பி. போடக் கூடாது. போட்டால் அது கேக்.

மெம்பிஸ்: மன்னிக்கவும் அக்கா, இதை ஏற்க முடியாது. என் பக்கத்து வீட்டு அம்மையார் கறுப்பினத்தவர். நான்கு தலைமுறையாக இதே ஊர். அவர் கால் கப் சர்க்கரை போடுகிறார். அவர் செய்வது தென்மாநிலச் சமையல் இல்லையா?

சரியான இடத்தில் பிடித்தீர்கள். 'கூடாது' என்று நான் பொதுவாகச் சொன்னது தவறு, திருத்திக்கொள்கிறேன். தென்மாநிலக் கறுப்பின மக்களின் பல வீடுகளில் சர்க்கரை சேர்ப்பதே மரபு. அதைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை.

ஆனால் சர்க்கரை வந்த கதையையும் தெரிந்துகொள்ளுங்கள். முன்பு மக்காச்சோளத்தைக் கல் திரிகையில் அரைத்தார்கள். தானியத்தின் முளைப்பகுதியும் அதன் எண்ணெய்ப் பசையும் மாவிலேயே தங்கின. மாவுக்கே இனிப்பு இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எஃகு உருளை ஆலைகள் பெருகின. முளையை நீக்கி நைசாக அரைத்த மாவு கெடாமல் நாள்பட நின்றது. மணமும் சுவையும் போயின. அந்தக் குறையை நிரப்பத்தான் சர்க்கரையும் மைதாவும் உள்ளே வந்தன. நல்ல மாவு கிடைத்தால் சர்க்கரையின் தேவை குறையும் என்பதே என் வாதம்.

டாலஸ்: அப்படியானால் எனக்குக் கிடைப்பது ஆலை மாவுதான். சர்க்கரை போட்டுக்கொள்ளலாமா?

ஒரு மேசைக்கரண்டி. கீரையோடு சாப்பிடுவதாக இருந்தால் அதுவும் வேண்டாம்.

நாகர்கோவில்: மக்காச்சோளம் உடம்புக்கு நல்லதா? தினமும் சாப்பிடலாமா?

எதனோடு சாப்பிடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. இந்தக் கேள்விக்கு அந்த மண் பெரும் விலை கொடுத்திருக்கிறது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்மாநில ஏழைகளிடையே பெல்லாக்ரா என்ற நோய் பரவியது. தோல் வெடிக்கும், வயிறு போகும், முற்றினால் புத்தி கலங்கும். தொற்றுநோய் என்றே பலரும் நம்பினார்கள். 1914-ல் அரசு சுகாதாரத் துறை அனுப்பிய மருத்துவர் ஜோசப் கோல்ட்பெர்கர், உணவுதான் காரணம் என்றார். குத்தகை விவசாயிகளும் ஆலைத் தொழிலாளர்களும் மக்காச்சோள மாவு, பன்றிக் கொழுப்பு, வெல்லப்பாகு ஆகிய மூன்றையே மாதக்கணக்கில் தின்றுவந்தார்கள். அநாதை இல்லங்களில் பாலும் முட்டையும் இறைச்சியும் சேர்த்துக் கொடுத்ததும் நோய் விலகியது. அப்போதும் நம்பாதவர்களுக்காக, நோயாளிகளின் ரத்தத்தைத் தம் உடம்பிலேயே ஏற்றிக்கொண்டு, தொற்றாது என்று காட்டினார். குறைந்திருந்த சத்து நியாசின் என்பது 1937-ல் தெரிந்தது.

மக்காச்சோளத்தில் நியாசின் உண்டு. ஆனால் உடம்பால் எடுத்துக்கொள்ள முடியாதபடி கட்டுண்டு கிடக்கிறது. மெக்சிகோவின் பழங்குடியினர் தானியத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து அந்தக் கட்டை அவிழ்த்தார்கள். தானியத்தை எடுத்துக்கொண்ட ஐரோப்பியர்கள் அந்தச் சுண்ணாம்பை விட்டுவிட்டார்கள். ஆகவே கார்ன்பிரெட் செய்யும் நாளில் பயறும் கீரையும் மோரும் இலையில் இருக்கட்டும்.

கரூர்: கார்ன் ஃப்ளோரில் செய்தால் எத்தனை நிமிடம் வைக்கவேண்டும்?

மதுரைக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

கோலாலம்பூர்: அங்கே பர்லூ என்று ஒரு சோறு உண்டாமே. அது நம் பிரியாணிதானே?

இல்லை. பெயர் புலாவுக்கு உறவு, பிரியாணியிலிருந்து வந்ததல்ல. கரோலினாக் கடலோரத்தில் நெல்லை விளைவித்தவர்கள் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள். சதுப்பு நிலத்தை வெட்டி, அலை ஏற்றத்துக்கு மடை கட்டிய கைகள் அவர்களுடையவை. அங்கே உள்ள தக்காளிச் சிவப்புச் சோற்றை மேற்கு ஆப்பிரிக்காவின் ஜொலோஃப் சோற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உறவு உடனே விளங்கும். அவர்கள் சமைத்ததை அவர்கள் பெயரிலேயே விட்டுவைப்போம்.

தஞ்சாவூர்: வற்றல் போடும் வழக்கம் அங்கே உண்டா அம்மா?

உண்டு. அப்பலாச்சிய மலைப்பகுதிகளில் முற்றிய பீன்ஸை முழுதாக ஊசி நூலில் கோத்து, திண்ணையிலோ அடுப்பின் மேலோ தொங்கவிடுவார்கள். பச்சை நிறம் போய், சுருங்கித் தோல்போல ஆகும். பெயரே 'தோல் கால்சட்டை'. குளிர்காலத்தில் இரவு ஊறவைத்து, உப்பிட்ட பன்றி இறைச்சித் துண்டோடு மணிக்கணக்கில் வேகவிடுவார்கள். புதிய பீன்ஸில் இல்லாத ஆழமான ஒரு ருசி அந்தச் சாற்றில் இறங்கும். தஞ்சாவூர் வெயிலில் நீங்கள் மூன்று நான்கு நாளில் காயவைத்துவிடலாம். நாரை மட்டும் முன்பே உரித்துவிடுங்கள்.

சென்னை, பெரம்பூர்: ஆங்கிலோ இந்திய நண்பர் வீட்டில் கண்ட்ரி கேப்டன் சாப்பிட்டேன். அமெரிக்காவிலும் உண்டாமே?

உண்டு. 1857-ல் வெளிவந்த எலைசா லெஸ்லியின் சமையல் நூலிலேயே இருக்கிறது. ஜார்ஜியாவின் கொலம்பஸ் நகரம் இதைத் தன் சொந்த உணவாகக் கொண்டாடுகிறது. வார்ம் ஸ்பிரிங்ஸுக்குச் சிகிச்சைக்கு வந்த அமெரிக்க அதிபர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் விரும்பிச் சாப்பிட்டார். கோழியோடு கறித்தூள், குடைமிளகாய், தக்காளி, உலர்திராட்சை சேர்த்து வேகவைத்து, சோற்றின் மேல் ஊற்றி, வறுத்த பாதாம் தூவுவார்கள். காரம் மிகக் குறைவு.

திருச்சி: கிரிட்ஸுக்குக் கோதுமை ரவை போடலாமா?

கிரிட்ஸ் என்பது மக்காச்சோள ரவைக் கஞ்சி. நீங்கள் சொல்வது உப்புமா.

விருதுநகர்: கார்ன் ஃப்ளோரில்...

மக்காச்சோள ரவை. மக்கி ஆட்டா. இரண்டில் ஒன்று.

கோவை: காலர்ட் கீரைக்கு மாற்று எது?

கடுகுக் கீரை, முள்ளங்கிக் கீரை, நூல்கோல் இலை. எல்லாம் ஒரே குடும்பம். அரைக்கீரையும் சிறுகீரையும் ஒரு மணி நேரக் கொதியைத் தாங்காது. வெங்காயம், காய்ந்த மிளகாய், சிறிது வினிகர், நிறையத் தண்ணீர். வெந்த நீரைக் கொட்டிவிடாதீர்கள். அதற்குப் பாட் லிக்கர் என்று பெயர். அந்தப் பாட்டி எனக்குக் காய்ச்சல் வந்தபோது ஒரு டம்ளர் நிறையக் கொண்டுவந்து கொடுத்தது அதைத்தான்.

டாலஸ்: சர்க்கரை இல்லாமலே இன்று செய்துவிட்டேன் அக்கா. எடுத்தால் உதிர்கிறது.

உதிரட்டும். 1931-ல் லூசியானா ஆளுநர் ஹியூயி லாங், ரொட்டியைப் பாட் லிக்கரில் தோய்த்துத்தான் தின்னவேண்டும் என்றார். அட்லாண்டாப் பத்திரிகை ஆசிரியர் ஒருவர், உதிர்த்துப் போட்டுத்தான் தின்னவேண்டும் என்றார். நாடு முழுவதும் வாரக்கணக்கில் அதே பேச்சு. நீங்கள் உதிர்த்துப் போடுங்கள். கிண்ணத்தில் சாறு சூடாக இருக்கவேண்டும், ரொட்டி மேலே மிதக்கும்போதே கரண்டியைப் போட்டுவிடவேண்டும்.